உடும்பு ஓடியதும் ஆமை தவழ்ந்ததும்

பரமார்த்த குரு குதிரையிலிருந்து தவறிக் குழிக்குள் விழுந்து கிடக்கிறார். சீடர்கள் மேட்டில் நிற்கிறார்கள், கையில் ஓர் ஓலையோடு. முன்னதாக வழியில் குருவின் தலைப்பாகை கீழே விழுந்தபோது யாரும் எடுக்கவில்லை. விழுகிறதை எல்லாம் எடுக்க வேண்டாமா என்று அவர் கடிந்துகொண்டார். உடனே ஒருவன் ஓடிப்போய்க் குதிரை போட்ட லத்தியை அதே தலைப்பாகையில் ஏந்திக்கொண்டு வந்தான். அதன்பிறகுதான், எதை எதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். இப்போது சீடர்கள் அந்த ஓலையைப் படிக்கிறார்கள். தலைப்பாகை இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார்கள். வேட்டி இருக்கிறது, உருவிக்கொள்கிறார்கள். குருவைத் தூக்கச் சொல்லி ஓலையில் எங்கும் இல்லை. கெஞ்சிப் பார்க்கிறார், ஏசிப் பார்க்கிறார், நடக்கவில்லை. கடைசியில் குழிக்குள் கிடந்தபடியே ஓலையை வாங்கித் தன்னையும் அதில் சேர்த்து எழுதுகிறார். உடனே தூக்கிவிடுகிறார்கள்.

முந்நூறு வருஷமாகத் தமிழர் சிரித்துவரும் கதை இது. எழுதியவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார். தமிழ் கற்க வரும் ஐரோப்பியர்களுக்குப் பேச்சுநடையைப் பழக்குவதற்காக இந்தக் கதைகளை எழுதினார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். இதே வீரமாமுனிவர்தான் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தவர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் குழப்பம் வராதபடி கொம்பைச் சுழித்தவர் என்றும் அவரையே சொல்கிறோம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் நிற்க வேண்டும், ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி நிற்க வேண்டும் என்று ஆயுள் முழுக்க உழைத்த மனிதர், அந்த உழைப்பு எங்கே போய் முட்டும் என்பதையும் கதையாக எழுதிவைத்திருக்கிறார். இந்த இரண்டையும் ஒருவரே செய்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சீடர்களின் மூடத்தனத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். ஆனால் கதையைக் கொஞ்சம் நின்று படித்தால், முதல் கட்டளை தேவைக்கு மேல் அகலமாக இருந்தது, இரண்டாவது கட்டளை தேவைக்குக் குறுகிப்போனது என்று தெரியும். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எவருக்கும் குருவின் அந்த நிலைமை புரியும்.

இதை நான் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் திருமயத்தில். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகிற சாலையில் இருபது கிலோமீட்டர் வந்தால் கோட்டை தெரியும். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. வெளியூர்க்காரர்கள் அதற்குத்தான் வருகிறார்கள், அல்லது கோட்டைக் குன்றின் தெற்குச் சரிவில் குடைந்த பெருமாளையும் சிவனையும் பார்க்க. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் தாலுகா ஆபீஸுக்கும் பத்திர ஆபீஸுக்கும் வருகிறவர்கள். பத்திர ஆபீஸ் இருக்கிற ஊரில் பத்திரம் எழுதுகிறவர்கள் இருப்பார்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாமி படம் போட்ட காலண்டர். அரசாங்கப் பேச்சில் அவர்கள் ஆவண எழுத்தர்கள், உரிமம் பெற்றவர்கள். ஊர்ப்பேச்சில் பத்திரக்காரர். வேலை கிடைத்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போய், மென்பொருள் கம்பெனியில் டெக்னிக்கல் ரைட்டர் என்று அட்டை மாட்டிக்கொண்டிருக்கிற நம் பிள்ளைகள் செய்கிற வேலையைத் தமிழில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம்.

இவர்களைப் பற்றி ஊரில் கதைகள் நிறைய உண்டு. பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதினாலும் 'மேற்படியாள்' என்றுதான் எழுதுவார் என்பார்கள். மாடு வாங்கப் போனாலும் வாலுக்கு மேற்கு, கொம்புக்குக் கிழக்கு என்று எல்லை கேட்பார் என்பார்கள். 'தன் சுயபுத்தியோடும் பிறர் தூண்டுதல் இன்றியும்' இரண்டாவது தடவை சாம்பார் கேட்டார் என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லி எல்லாரும் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பத்திரக்காரரும் சேர்ந்து சிரித்தார். மேற்படி என்பதற்குத் தமிழில் தனி ஒரு குறியே உண்டு: ௸. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹. கணக்கும் பத்திரமும் எழுதிய கைகள் புழங்கிய குறிகள் இவை. இன்று அவை எழுத்துருப் பட்டியலில் கடைசியில் கிடக்கின்றன. ஆனால் பேச்சில் 'மேற்படி' சாகவில்லை. பெயரைச் சொல்லக் கூடாத ஆளைப் பற்றிப் பேச அதைவிட வசதியான சொல் நம்மிடம் இல்லை.

சிரிப்பு வருகிற இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. சக்குபந்தியை எடுத்துக்கொள்வோம். நிலத்துக்கு நான்கு பக்கமும் எல்லை சொல்வது. புதிதாகப் படிக்கிறவருக்குத் தலை சுற்றும். இன்னார் புஞ்சைக்கு மேற்கு என்று இருந்தால் இன்னாருடைய புஞ்சை நமக்குக் கிழக்கே இருக்கிறது. திசை நிலத்துக்குச் சொல்லப்படுகிறது, பக்கத்து நிலத்துக்கு அல்ல. நாலு தடவை சொல்லிக்கொடுத்தாலும் புதியவர்கள் தப்பாகவே புரிந்துகொள்கிற இந்த முறையை ஏன் மாற்றவில்லை? சோழர் கல்வெட்டிலும் அப்படித்தான். கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்ன வழிக்கு வடக்கு. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம். ஆயிரம் வருஷமாக ஒரே அச்சில் வருகிறது. பத்திரம் படிக்கப் பழகிய கண் அந்த அச்சைத்தான் தேடும். ஒருவர் தெளிவுபடுத்துகிறேன் என்று புது முறையில் எழுதினால், பழைய மூலப்பத்திரத்தோடு ஒப்பிடுகிற இடத்தில் குழப்பம் புதிதாகப் பிறக்கும்.

எல்லை சொன்ன பிறகும் அந்த எழுத்துக்காரர்களுக்கு மனம் ஆறவில்லை. நான்கு எல்லைக்குள் இருக்கிற நிலம் என்று சொல்லியாயிற்று. நடுவில் ஒரு துண்டு எனக்கு என்று நாளைக்கு ஒருவன் வந்தால்? ஆகவே 'உண்ணிலம் ஒழிவின்றி' என்று சேர்த்தார்கள், உள்ளே கிடக்கும் எந்தத் துண்டும் விடுபடாமல். மரமும் கிணறும் நிலத்தில் சேர்த்தியா? சேர்த்தி என்று சொன்னார்கள், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் என்று. நஞ்சையா புஞ்சையா என்ற கேள்வி வரும். உடும்பு ஓடியதும் ஆமை தவழ்ந்ததும் எல்லாம் என்றார்கள். உடும்பு ஓடுவது காய்ந்த தரை, ஆமை தவழ்வது ஈரத் தரை. இரண்டுக்கும் நடுவில் வேறு நிலம் இல்லை. ஒரு கிராமத்தைக் கொடையாகக் கொடுக்கும்போது பெண்யானையை எல்லையில் நடத்தி, அது போன வழியே கல்லும் கள்ளியும் நட்டார்கள், நட்டதையும் எழுதினார்கள். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு, நாம் லெய்டன் செப்பேடு என்று அழைப்பது, 21 ஏடு. தமிழ்ப் பகுதி மட்டும் 16 ஏடு, அதில் பெரும்பங்கு எல்லை. வாய்க்கால் வாய்க்காலாக, வரப்பு வரப்பாக அந்த எல்லை நகர்ந்துபோவதைப் படிக்கும்போது சலிப்பு வராது எனக்கு. யாரோ ஒருவர் அந்த வரப்பில் உண்மையாகவே நடந்திருக்கிறார் என்று தெரிகிறது.

பிற்காலத்தில் வந்த சொற்களும் அப்படித்தான். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று ஒரு சரம். விஜயநகர, நாயக்கர் காலத்துச் சாசனங்களில் தொடங்கி நம் தாத்தாக்களின் கிரயப் பத்திரம் வரைக்கும் வந்தது. பழைய பத்திரத்தை எடுத்து வாசிக்கும் பேரன்கள் இந்த இடத்தில் மந்திரம் மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பார்கள். புதைந்து கிடக்கும் பொருள், தண்ணீர், கல், இப்போது வருகிற பலன், இனிமேல் வரப்போகிற பலன், விளைந்தது, விளையக்கூடியது. நிலம் கைமாறும்போது காலமும் கைமாறுகிறது என்று கண்டுபிடித்து அதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். நிலத்தில் நாளைக்குக் கிரானைட் எடுக்கலாம் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் 'பாஷாணம்' என்று எழுதிவைத்த கையை எண்ணிப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லின் விலை இன்று என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் மந்திரமாகத் தோன்றாது.

இலக்கணக்காரர்களும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் அல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்று பட்டியல் போட்டார். குன்றக் கூறல் முதல் குற்றம், மிகைபடக் கூறல் இரண்டாவது, கூறியது கூறல் மூன்றாவது. பத்திர எழுத்து இந்தக் கணக்கில் பார்த்தால் முழுக் குற்றவாளி. சொன்னதையே சொல்கிறது, தேவைக்கு மேல் சொல்கிறது. தொகையை எண்ணால் எழுதி, உடனே எழுத்தாலும் எழுதி, 'மட்டும்' என்று ஒரு முளையும் அடித்துவைக்கிறது. பவணந்தி மனதில் வைத்தது கற்க வருகிற மாணவனை. அவனுக்குச் சொல்கிறவர் மேல் நம்பிக்கை உண்டு. சந்தேகம் என்றால் கேட்பான், ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். பத்திரத்தைப் படிக்கப்போகிற ஆள் வேறு. எழுதியவர் செத்து நாற்பது வருஷம் கழித்து, எதிர்த்தரப்பு வக்கீலின் மேசையில், ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டே படிக்கிறவர் அவர். அவருக்குக் கூறியது கூறினால்தான் பாதுகாப்பு. இந்த இரண்டு வாசகர்களையும் பிரித்துப் பார்க்காததால்தான் பத்திரத் தமிழைக் கொச்சைத் தமிழ் என்று நம் பண்டிதர்கள் ஒதுக்கிவைத்தார்கள் என்று நினைக்கிறேன். அது பெரிய இழப்பு. தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் உரையாசிரியர்களிடம் தொடங்கிப் பாதிரிமார் வழியாக வந்து நாவலில் இறங்குகிறார்கள். விலையோலையையும் இசைவுத் தீட்டையும் ஓர் ஓரமாகத்தான் வைக்கிறார்கள்.

விலையோலையில் வரும் ஒரு கட்டு இருக்கிறது. இந்த ஓலையே விற்றதற்கு ஓலை; பணம் முழுக்கச் செலுத்தியதற்கும் இதுவே ஓலை; பணம் கொடுத்ததற்கு வேறு ஓலை எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். ரசீது இருக்கிறதா என்று கேட்டு நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட யாரோ ஒருவன் ஒருகாலத்தில் இருந்திருப்பான். அவன் பெயர் போய்விட்டது. அவனுக்கு எதிராகப் போட்ட வாக்கியம் மட்டும் நூற்றாண்டுகள் தாண்டி வந்திருக்கிறது.

திருமயத்தின் இரண்டு கோயில்களுக்கும் அப்படி ஒரு வழக்கு இருந்தது. சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறவர்கள். ஒரே குன்று, ஒரே ஊர், நிலமும் வருமானமும் ஒன்றோடொன்று பின்னியது. சைவருக்கும் வைணவருக்கும் சண்டை முற்றி, 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பு ஏட்டோடு நிற்கவில்லை, கல்லில் ஏறிற்று. இறைவனின் பெருமையைச் சொல்கிற இடத்திலேயே வருவாயில் எது யாருக்கு என்பதும் வெட்டப்பட்டது. பக்தர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அனந்தசயனத்தில் கிடக்கும் அத்தனை பெரிய பெருமாளுக்கும் குகைக்குள் இருக்கும் லிங்கத்துக்கும் பங்கு பிரிப்பதா என்று. பிரித்ததால்தான் இரண்டு சந்நிதியிலும் இன்றைக்கு விளக்கு எரிகிறது என்பேன். அன்பும் பெருந்தன்மையும் இருக்கும்போது எழுத்து தேவைப்படுவதில்லை. அவை தீர்ந்துபோகிற நாளுக்காகத்தான் எழுதிவைக்கிறோம்.

கோயில் நிலங்களுக்கு நட்ட கற்களும் அந்த வழியில் வந்தவைதான். சிவன் கோயில் தேவதானத்தின் எல்லையில் சூலம் பொறித்த கல், திருச்சூலக்கல். பெருமாள் கோயில் திருவிடையாட்டத்தின் எல்லையில் சக்கரம் பொறித்த திருவாழிக்கல். சுவரில் நூறு வரி படிக்கத் தெரியாத மாடு மேய்க்கும் பையனுக்கும் இது யார் நிலம் என்று புரிய வேண்டும். நீளத்தை எந்தக் கோலால் அளந்தார்கள் என்று சந்தேகம் வராமல் இருக்க, கோலின் நீளத்தையே கோயில் சுவரில் கோடாக வெட்டி வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. அலகுக்கு விளக்கம் கொடுக்காமல் அளவு கொடுக்கக் கூடாது என்ற விதியை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பின்னங்களில் அவர்கள் போன தூரம் இன்னும் ஆச்சரியம். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. கீழ் முந்திரி அதிலும் 320இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400இல் ஒன்று. ஒரு வேலி நிலத்தில் அது ஒரு மனிதன் சம்மணம் போட்டு உட்காரும் இடத்துக்கும் குறைவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதோடும் நிற்காமல் கீழ், அதற்கும் கீழ் என்று இறங்குகின்றன. அந்தத் துண்டை வயலில் யாரும் அளந்து காட்ட முடியாது. வரிக் கணக்குப் போடும்போது வந்த மிச்சத்தைத் தள்ளிவிட மனமில்லாமல் கடைசிவரை எழுதியிருக்கிறார்கள்.

இந்த மனம் நடைமுறை விதி எழுதும்போது எப்படி வேலை செய்யும் என்பதற்கு உத்திரமேரூர் சாட்சி. குடவோலைத் தேர்தல் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் படித்துக் கடந்துவிடுகிறோம். அங்கே கல்வெட்டு ஒன்றல்ல, இரண்டு. முதல் பராந்தகன் காலத்தில் 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முதலாவதில் போட்டியிட வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். இரண்டு வருஷம் நடத்திப் பார்த்துவிட்டுத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவருடைய உறவினரும் கூடாது என்று சேர்த்து, உறவினர் என்றால் யார் யார் என்பதையும் இரண்டாவது கல்வெட்டு எண்ணிச் சொல்கிறது: சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மைத்துனன், மருமகன் என்று நீள்கிறது. நம் ஊரில் உறவு எங்கே முடியும் என்று தெரிந்தவர் எழுதியது அது. அப்புறம் குடத்திலிருந்து ஓலை எடுக்கிற முறை. குடத்தைத் தூக்கி எல்லாரும் பார்க்கக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியவர் வாசிக்க வேண்டும், இருக்கிற மற்றவர்களும் வாசிக்க வேண்டும். ஐந்து விரல் என்ற இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். விரலை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாம். அதைச் செய்த ஒரு விரலை அந்த எழுத்தாளர் பார்த்திருக்கிறார்.

திருமயத்தில் 1887இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியை மேடைப் பேச்சாளராகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் வக்கீலும் கூட. தில்லி மத்திய சட்டமன்றத்தின் கேள்வி நேரத்தில் வெள்ளை அதிகாரிகள் அவருடைய துணைக்கேள்விக்கு அஞ்சினார்கள். வழுக்கிச் செல்ல இடம் கொடுக்காமல் கேள்வியை அமைப்பதும் இதே தொழிலின் இன்னொரு கிளைதான்.

வெளியுலகத்துக்கு ஒருநடை போய் வரலாம். கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகளை எழுதுகிற பொறியாளர்கள் 1997இல் ஒரு சிறு ஆவணம் வெளியிட்டார்கள். ஆர்.எஃப்.சி. 2119 என்பது அதன் எண். 'கட்டாயம்', 'செய்வது நல்லது', 'செய்யலாம்' ஆகிய சொற்களை எந்தப் பொருளில் ஆள வேண்டும் என்பதைச் சொல்ல மட்டுமே அந்த ஆவணம். இணையம் முழுக்க அந்தச் சொற்களின் மேல் நிற்கிறது. 2013 ஏப்ரல் முதல் தேதி அதே கூட்டத்தார் ஆர்.எஃப்.சி. 6919 என்று கேலியாக இன்னொன்று எழுதினார்கள். அதில், 'கட்டாயம், ஆனால் நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்' என்று ஒரு புது நிலையைச் சேர்த்தார்கள். தொழில்நுட்ப எழுத்தாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே செய்துகொண்ட நகைச்சுவைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. படித்தபோது நம் சாசனங்களின் கடைசி வரிகள்தான் மனதில் வந்தன. கொடுக்கக் கடவோம், கொள்ளப் பெறாதோம் என்று கட்டாயத்தையும் விலக்கையும் சொல்லி முடித்த பிறகு, இதற்குத் தீங்கு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று ஒரு சாபம் வரும். இதைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்று ஒரு வணக்கமும் வரும். விதியை இவ்வளவு இறுக்கி எழுதியும் அதை மீறுவார்கள் என்று தெரிந்துதான் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. சொல்லால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற இடம் வந்ததும் வரப்போகிற யாரோ ஒருவன் காலில் விழுகிறார் அரசர். அந்த வணக்கம் சம்பிரதாயம் என்பார்கள் அறிஞர்கள். இருக்கலாம். என்னால் அதை அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

காலில் விழுந்தும் காக்கப்படாத எழுத்து ஒன்று திருமயத்திலேயே உண்டு. சிவன் குடைவரைப் பாறையில் ஒருகாலத்தில் இசைக் கல்வெட்டு இருந்தது. பழைய கிரந்த எழுத்து. பிற்காலத்தில் வேறொரு கல்வெட்டுக்கு இடம் வேண்டி அதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். உளிக்குத் தப்பிய துணுக்குகளில் பரிவாதினி என்ற வீணையின் பெயர் படிக்கக் கிடைக்கிறது. என்ன இழந்தோம் என்று கொஞ்சமாவது ஊகிக்கக் குடுமியான்மலைக்குப் போக வேண்டும். அங்கே இதே வகைக் கல்வெட்டு முழுசாக இருக்கிறது, மேலைக்கோயில் குடைவரையின் பக்கத்துப் பாறையில். ஏழு கிராம ராகங்களுக்கு ஏழு பகுதி. சுரங்கள் நான்கு நான்காகக் கோர்த்து வரிவரியாக. ஒவ்வொரு சுரத்தின் எழுத்தும் அ, இ, உ, எ என்ற நான்கு உயிரில் மாறி மாறி வருகிறது. சில எழுத்தின் தலையில் புள்ளி. கடைசியில் தமிழில் ஒரு குறிப்பு. ஓர் எழுத்தும் சும்மா வைத்ததல்ல என்று பார்த்த உடனே தெரியும். வெட்டியவருக்கும் அவரிடம் கற்ற மாணவருக்கும் அந்த நான்கு உயிரின் வேறுபாடு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்திருக்கும். இன்றைக்கு ஆராய்ச்சியாளர்களிடம் அதற்கு ஒருமித்த விளக்கம் இல்லை. சுருதி நுட்பம் என்கிறார் ஒருவர், விரல் நுட்பம் என்கிறார் இன்னொருவர். எழுத்து பிழையில்லாமல் இருக்கிறது. அதை வாசித்துக் காட்டிய குருமார் வரிசை அறுந்துவிட்டது.

நிலப் பத்திரம் அப்படி அறுந்துபோகாததற்குக் காரணம் அதன் சொற்கள் உயர்ந்தவை என்பதல்ல. அந்த வரியை நம்பி யாரோ ஒருவர் வருஷாவருஷம் உழுதுகொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். சண்டை ஒரு வகையில் நல்ல ஆசிரியர். மேல்முறையீடு வரைக்கும் போய்ச் சொல்லுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே இருக்கும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் திரட்டி நூலாக அச்சிட்டது. புரட்டிப் பார்த்தால் நிலமும் நீரும் வரியும்தான் பக்கம் பக்கமாக. இசை, கைவிரலில் எண்ணக்கூடிய இடங்களில்.

இன்று பதிவுத்துறை இணையத்தில் மாதிரிப் படிவங்களை வைத்திருக்கிறது. 2018இல் ஸ்டார் 2.0 என்ற முறை வந்ததிலிருந்து கிரயமோ தானமோ, விவரத்தை நிரப்பினால் பத்திரம் தயாராகிறது. பொதுமக்கள் தாங்களே செய்துகொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான்; கூலி மிச்சம், அலைச்சல் மிச்சம். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது. சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாவிட்டால் பத்திரத்தை ஏற்கக் கூடாது என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. அடித்தல், திருத்தல், இடைச்செருகல் இருந்தால் எழுதிக்கொடுத்தவர் அதற்குச் சான்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. படிவத்தில் ஒன்றுதான் கிடையாது: எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிற ஆள். நிலத்தைப் பார்க்காதவர் நிரப்பிய படிவத்தில் புல எண் சரியாக இருக்கும், ஹெக்டேர் கணக்கும் சரியாக இருக்கும், வண்டிப்பாதை மட்டும் காணாமல் போயிருக்கும்.

திருமயத்தில் ஒரு பத்திரக்காரரிடம் அண்ணன் தம்பி இருவர் பாகப்பத்திரம் எழுத வந்திருந்த ஒரு மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். புஞ்சையை நடுவில் பிரித்துக்கொண்டாயிற்று. கிணறு அண்ணன் பக்கம் விழுந்தது.

"கெணறு பொதுன்னு ஒரு வரி போட்டுருங்கண்ணே, போதும்" என்றார் அண்ணன்.

பத்திரக்காரர் தட்டச்சை நிறுத்தினார். "எது பொது? கெணறா, தண்ணியா?"

"ரெண்டும்தான்."

"மோட்டாரு?"

"அது தம்பி வாங்குனது."

"கரண்டு யாரு பேர்ல?"

"அப்பா பேர்ல இருக்கு. மாத்தல."

"சரி. தம்பி அவுக பக்கத்துலேர்ந்து கெணத்துக்கு வர வழி?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரப்பு மேலேயே வந்துவிடலாம் என்றார் தம்பி. வரப்பு எத்தனை அடி என்று கேட்டார் பத்திரக்காரர். மூன்றடி என்று முடிவாயிற்று, குழாய் பதிக்கவும் சேர்த்து. அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. நாங்கள் என்ன கோர்ட்டுக்கா போகப் போகிறோம் என்று முணுமுணுத்தார். பத்திரக்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை; ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை என்று எழுதட்டுமா என்று மட்டும் கேட்டார். அண்ணன் தலையாட்டினார். தம்பிதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, நாளுன்னா எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியும்? த்ரீ பேஸ் கரண்டு ராத்திரியில வந்து விடியக்காலம்பற வரைக்கும் ஓடுதுல்ல. அது யாரு நாளு?"

"அதானே" என்றார் அண்ணன். "நல்லாக் கேட்ட. விடியறதுன்னு போடாதீக, அது வெயில் காலம் மழைக் காலத்துக்கு மாறும். மணிக்கணக்காப் போடுங்க. காலையில ஆறு மணி."

"கரண்டு ஒரு நாள் முழுக்க வரலேன்னா?" தம்பி விடவில்லை. "என் முறை போச்சுன்னு அர்த்தமா, இல்ல மறுநாளு எனக்கா?"

பத்திரக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, புதிதாக ஒரு பத்தியைத் தொடங்கினார்.